சட்டக் கல்வியும் நம் தோட்டத்து வரலாறும்



நம் பிள்ளைகள் பரிசு வாங்கும் இந்த நல்ல நாளிலே ஒரு சங்கதியை நினைத்துப் பார்ப்பது நலம். மலாயாவின் தோட்டங்களில் தமிழ்ப் பள்ளிகள் எப்படி வந்தன? துரைமார் மனமிரங்கித் தந்தவை என்று சிலர் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பிலே, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வரியின் தயவில்தான் எத்தனையோ தோட்டங்களில் ஆயாக் கொட்டகையின் ஓரத்திலும், பழைய லயத்தின் கோடியிலும் பாடம் ஆரம்பமாயிற்று. கிராணியோ எழுத்துத் தெரிந்த கங்காணியோ அங்கே வாத்தியாராக நின்றார். கட்டடம் சொத்தையாக இருந்தாலும், பள்ளி என்று ஒன்று இருந்ததற்குக் காரணம் ஒரு சட்டம்.

ஆகவே சட்டம் என்பது கோர்ட்டு வாசலில் கறுப்பு அங்கி போட்டவர்கள் பேசும் பேச்சு மட்டுமன்று. நம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு கூட ஒரு வகையில் அதிலிருந்து வந்ததுதான்.

பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கும் மாணவன் பல பாடங்களைக் கற்கிறான். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று குற்றவியல் சட்டம். இரண்டாவது அனைத்துலகச் சட்டம். மூன்றாவது நிர்வாகச் சட்டம். பெயரைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் இந்த மூன்றும் சி ரூசா, லுக்குட், லிங்கி, சிரம்பான் வட்டாரத் தோட்டங்களிலும், நாடு முழுவதும் இருந்த நம்மவர் லயங்களிலும் நுழைந்து வெளியே வந்தவைதாம். நம் பாட்டன்மார் அந்தப் பாடங்களைப் புத்தகத்தில் படிக்கவில்லை, முதுகிலே படித்தார்கள்.

குற்றவியல் சட்டம்

எது குற்றம், அதற்கு என்ன தண்டனை, குற்றவாளி என்று தீர்மானிப்பதற்கு முன் என்னென்ன நடக்கவேண்டும் என்பதைச் சொல்வது குற்றவியல் சட்டம்.

ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தை எடுத்துக்கொள்வோம். 1884-இல் நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் குடியேற்றச் சட்டம் ஒன்று வந்தது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த ஆள் தவணை முடிவதற்குள் வேலையை விட்டுப் போனால், அது வெறும் வாக்குத் தவறுதல் இல்லை, குற்றம். அவனைப் பிடித்துவந்து அபராதம் போடலாம், சிறையில் தள்ளலாம். அதே துரை சம்பளத்தைப் பிடித்துக்கொண்டால் அவனுக்குச் சிறை கிடையாது. ஒரே ஒப்பந்தம்தான். ஒரு பக்கம் மீறினால் கணக்கு வழக்கு, மறுபக்கம் மீறினால் கைவிலங்கு. 1910-இல் ஒப்பந்தக் கூலிக்கு ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. வேலையை விட்டதற்காகச் சிறை என்ற கொடுமை 1920-களின் தொடக்கத்தில்தான் ஒழிந்தது. பிறகு வந்த கங்காணி முறையில், ஒரு மாத நோட்டீசு கொடுத்துவிட்டுத் தொழிலாளி போகலாம் என்று சட்டம் சொல்லிற்று. ஆனால் அப்படி ஓர் உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவனுக்கும் கங்காணியிடம் கடன் இருந்தது.

அடுத்து அவசரகாலம். 1948 ஜூனில் மலாயாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தோட்டத்து மக்கள் இரு பக்கத்துத் துப்பாக்கிக்கும் நடுவிலே மாட்டிக்கொண்ட காலம் அது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று அவசரகால விதி சொல்லிற்று. அந்த விதியின் கீழ் நிறுத்தப்பட்ட இரண்டு தமிழர்களின் கதையை நம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும்.

ஒருவர் எஸ். ஏ. கணபதி. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1949 மார்ச்சில் துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாக அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கருணை காட்டும்படி இந்திய அரசாங்கம் கேட்டும் பலன் இல்லை. 1949 மே 4-ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பிலிருந்து தூக்குக்கு இரண்டு மாதம் கூட ஆகவில்லை.

மற்றவர் பெயர் சாம்பசிவம். ஜொகூரில் 1948-இல் நடந்த ஒரு சண்டையில் படுகாயமடைந்து பிடிபட்டவர். அவர்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். துப்பாக்கி தாங்கியது ஒன்று. தோட்டாக்கள் வைத்திருந்தது மற்றொன்று. அந்நாளில் நீதிபதிக்குத் துணையாக அசெஸர்கள் என்று இரண்டு பேர் உட்கார்ந்து தங்கள் கருத்தைச் சொல்வார்கள். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து அவர் விடுதலையானார். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் வேறு அசெஸர்களோடு மறுவிசாரணை நடக்கட்டும் என்று உத்தரவாயிற்று. மறுவிசாரணையில் அவர் கொடுத்ததாக ஒரு வாக்குமூலத்தை அரசு தரப்பு நீட்டியது. துப்பாக்கி, தோட்டா இரண்டுமே தன்னிடம் இருந்ததாக அதில் இருந்தது. தோட்டா விஷயத்தில் அவர் ஏற்கனவே விடுதலையானவர் என்பதைப் புதிய அசெஸர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது. இங்கே செய்த அப்பீலும் தோற்றது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. 1950-இல் தீர்ப்பு வந்தது. ஒரு மனிதன் ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுதலையாகிவிட்டால், அதே குற்றத்துக்கு அவனை மறுபடி விசாரிக்கக் கூடாது என்பது மட்டுமல்ல. அந்த விடுதலைத் தீர்ப்பு பின்னால் அவர்களுக்குள் நடக்கும் வழக்கிலும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதை மறைத்து நடந்த விசாரணை சரியில்லை என்று தண்டனையை ரத்து செய்தார்கள். சாம்பசிவம் தூக்குமேடைக்குப் போகாமல் தப்பினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாம்பசிவம் கையில் துப்பாக்கி இருந்ததா இல்லையா என்று லண்டன் நீதிபதிகள் ஆராயவில்லை. விசாரணை நடந்த விதம் ஒழுங்கா என்றுதான் பார்த்தார்கள். ஒரு மனிதனைத் தண்டிப்பதற்கு முன் நடக்கவேண்டிய முறை நடந்தாகவேண்டும் என்பதுதான் குற்றவியல் சட்டத்தின் உயிர். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம் பழமொழி. சாம்பசிவம் வழக்கு கடல் தாண்டிய அம்பலத்தில் ஏறிற்று. இங்கிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் என்று பல நாட்டுச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். நம்மவரில் அந்தப் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

அனைத்துலகச் சட்டம்

ஊருக்கு ஊர் வாய்க்கால் தண்ணீர் பங்கு போடுவதுபோல, நாட்டுக்கு நாடு செய்துகொள்ளும் ஏற்பாடுதான் அனைத்துலகச் சட்டம். உடன்படிக்கை, எல்லை, போர், அகதி, கடல் எல்லாம் இதில் அடங்கும்.

நம் மக்கள் கப்பலேறியதே இரண்டு அரசாங்கங்களின் ஏற்பாட்டில்தான். அன்று இரண்டு பக்கமும் வெள்ளையன் ஆட்சி என்பதால் அதை முழு அனைத்துலகச் சட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் சாயல் இருந்தது. 1922-இல் இந்தியா குடிபெயர்வுச் சட்டம் போட்டது. அதன்படி இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் இருந்து தோட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். ரப்பர் விலை விழுந்தபோது கூலியும் விழுந்தது. 1936 டிசம்பரில் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் வந்து பார்த்து, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்றார். 1938-இல் மறுபடி கூலியைக் குறைத்தார்கள். அந்த ஆண்டு ஜூனில், உதவி பெற்று மலாயாவுக்குக் கூலிக்குப் போவதை இந்தியா தடுத்துவிட்டது. நம்முடைய பால்மரக் காட்டுச் சம்பளத்துக்காக இரண்டு அரசாங்கங்கள் முறைத்துக்கொண்டு நின்றன.

ஆனால் அனைத்துலகச் சட்டத்தின் பலம், பலவீனம் இரண்டையும் ஒருசேரக் காட்டுவது சயாம் மரண ரயில். ஜப்பான்காரன் காலத்தில், 1942-43-இல், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டார்கள். மலாயாவிலிருந்து 75,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி எல்லாம் சேர்ந்து கொன்றன. இறந்தவர் தொகை 29,000-க்கு மேல் என்று போருக்குப் பின் எடுத்த கணக்கே சொல்கிறது. உண்மைத் தொகை அதைவிடக் கூடுதல் என்றே பலரும் கருதுகிறார்கள். "போனவங்க திரும்பலே" என்று சொல்லாத பழைய குடும்பம் நம் தோட்டங்களில் குறைவு.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1930-லேயே கட்டாய உழைப்பை ஒழிக்கும் உடன்படிக்கையைச் செய்திருந்தது. 1932-இல் ஜப்பானும் அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆனால் காட்டுக்குள்ளே அந்தக் கையெழுத்தை யார் கேட்டார்கள்? போர் முடிந்தபின் ரயில் பாதையில் அதிகாரம் செய்த பலர் போர்க்குற்றவாளிகளாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார்கள். அது சட்டத்தின் பலம். 1951-இல் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையில், ஜப்பானியரிடம் சிறைப்பட்டுத் துன்பப்பட்ட நேச நாட்டுப் போர்வீரர்களுக்கு இழப்பீடு தரத் தனிப் பிரிவு எழுதினார்கள். அதில் கூலிக்காரனுக்கு இடம் இல்லை. பிறகு 1967-இல் ஜப்பான் மலேசியாவோடு செய்த உடன்பாட்டின்படி இரண்டு கப்பல்கள் நாட்டுக்கு வந்தன. அது அரசுக்கும் அரசுக்கும் நடந்த கணக்கு. கணவனைப் பறிகொடுத்துப் பால்வாளி தூக்கிய பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? உடன்படிக்கை எழுதும் மேசையில் நம் கதையைச் சொல்ல ஆள் இல்லை. செத்தவர் பெயர், ஊர், தோட்டம் எழுதிவைத்த ஏடும் இல்லை. அனைத்துலகச் சட்டத்தில் பேசுவது நாடுதான். ஆனால் நாட்டின் காதில் யாராவது சொன்னால்தான் அது பேசும். நம் நாட்டு வழக்கறிஞர் ஆர். ராமானி 1965 மே மாதத்தில் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். சட்டப் படிப்பு ஒருவரை எந்த மேசை வரைக்கும் கொண்டுபோகும் என்பதற்கு அது சாட்சி.

நிர்வாகச் சட்டம்

மூன்றாவது பாடம்தான் நமக்கு அன்றாடம் வேண்டியது. ஆபீசு, இலாகா, அதிகாரி, வாரியம் இவை தங்கள் அதிகாரத்தை எப்படிச் செலுத்தவேண்டும், மீறினால் என்ன செய்வது என்று சொல்வது நிர்வாகச் சட்டம்.

1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளத்தோடு வேறொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும். அவர்களுக்குத் துணை நின்ற ஆர். எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். வழக்காடி, சாட்சி விசாரித்துச் செய்ததன்று. மேலிடத்து உத்தரவில் நடந்தது. ஓர் உத்தரவுக் காகிதம் மனிதனைக் கடல் கடத்தும் என்பதை அன்று நம் மக்கள் பார்த்தார்கள்.

இன்னொரு காகிதம் சிவப்பு ஐ.சி. சுதந்திரத்துக்குப் பின் குடியுரிமைக்கு மனுச் செய்யாமல், அல்லது செய்யத் தெரியாமல், சிவப்பு அட்டையோடு இருந்துவிட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். 1968-இல் வந்த சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்க்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்றானது. இந்த மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் மரம் வெட்டியவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை இழந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். யாரும் அவர்களைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஒரு பாரம் நிரப்பாமல் போனதுதான் காரணம்.

அதிகாரம் கேட்பாரற்றதா? இல்லை என்று நம் நாட்டு வழக்குகளே சொல்கின்றன. சுரிந்தர் சிங் கண்டா என்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் 1958-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவரைப் பற்றிய ஓர் அறிக்கை விசாரணை அதிகாரி கையில் முன்னமேயே இருந்தது. அவரிடம் மட்டும் காட்டப்படவில்லை. 1962-இல் பிரிவி கவுன்சில், ஒருவன்மேல் என்ன சொல்லப்பட்டது என்பதை அவனுக்குத் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் எடுத்த முடிவு செல்லாது என்றது. இதை நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், "முதுகுக்குப் பின்னாலே பெட்டிஷன் வாங்கிக்கிட்டு ஆளை நிறுத்தக் கூடாது" என்பதுதான்.

ராஜா அஸ்லான் ஷா அவர்கள், பின்னாளில் நாட்டின் மாமன்னராக விளங்கியவர், நீதிபதியாக இருந்தபோது 1970-களின் இறுதியில் ஒரு நில வழக்கில், சட்டம் தரும் எந்த அதிகாரத்துக்கும் சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். 1996-இல் டான் டெக் செங் என்ற ஆரம்பப் பள்ளித் துணைத் தலைமையாசிரியர் வழக்கில், நீதிபதி கோபால் ஸ்ரீராம், அரசியல் சட்டம் காக்கும் 'உயிர்' என்ற சொல்லில் பிழைப்பும் அடங்கும் என்றார். அந்த ஆசிரியரை வேலையை விட்டே நீக்கியது மிதமிஞ்சிய தண்டனை என்று, பதவி இறக்கமாக மாற்றப்பட்டது. பிழைப்பும் உயிரும் ஒன்றே என்பது நம் மக்களுக்குப் புதிய சேதி இல்லை. கோர்ட்டு அதைச் சொன்னதுதான் புதிது.

படிப்பது எங்கே, எப்படி?

ஒரு காலத்தில் சட்டம் படிக்கவேண்டுமானால் லண்டனுக்குக் கப்பலேறவேண்டும். பால் வெட்டிய சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? 1957-இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டக் கல்வி தொடங்கியது. 1972-இல் பேராசிரியர் அகமது இப்ராகிம் தலைமையில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே சட்டத் துறை வந்தது. அதன்பின் வேறு பல்கலைக்கழகங்களிலும் வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பு. பிறகு ஒரு வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி. எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி வேண்டும். மலாயும் ஆங்கிலமும் கை வரவேண்டும். தமிழ்ப் பள்ளியில் அடிப்படை பலமாக அமைந்த பிள்ளைக்கு இது எட்டாத உயரமில்லை.

எல்லாரும் வக்கீலாகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி செய்து வளர்ந்த பி. பி. நாராயணன் வக்கீல் அல்லர். ஆனால் 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது அதன் முதல் பொதுச் செயலாளராகி, முதலாளிமாரோடு ஒப்பந்தம் பேசினார். 1975-இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். காகிதத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஆயிரம் பேருக்கு நிழலானார்.

எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் பெற்றோர் கடிதங்களைக் கொண்டுவருவதுண்டு. "வாத்தியாரே, இதிலே என்னா போட்டிருக்கு?" என்பார்கள். பல சமயம் அந்தக் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். ஆகவே சில சங்கதிகளை இங்கேயே எழுதிவைக்கிறேன். நியாயமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் செய்யவேண்டும்; 61-ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும். சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் இலாகா உண்டு. போலீஸ் பிடித்தால், காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரைக் கேட்கவும் அரசியல் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உரிமை தருகிறது. பிடித்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தவேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. வசதியில்லாதவர்க்குக் குற்ற வழக்குகளில் உதவத் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் இயங்கி வருகிறது. பிள்ளை பிறந்தால் பிறப்புப் பத்திரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாணவமணிகளே! பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சி ரூசாக் கடலோரம் முழுக்க ஓட்டல்கள் எழும்பிவிட்டன. பல தோட்டங்கள் துண்டு துண்டாகிவிட்டன. இனிமேல் வரப்போகும் வழக்குகள் வீட்டு மனையைப் பற்றியும், கோயில் நிலத்தைப் பற்றியும், பள்ளி நிலத்தைப் பற்றியும் இருக்கும். அப்போது நம் பக்கத்துக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வெளியாள் வாசலில் காத்து நிற்பதா, அல்லது இந்தப் பள்ளியில் ஆனா ஆவன்னா எழுதிய ஒரு பிள்ளை எழுந்து நின்று பேசுவதா? இன்று பரிசு வாங்கும் கைகளில் ஒரு கையாவது நாளைக்குச் சட்டப் புத்தகத்தைப் பிடிக்கவேண்டும் என்பதே என் அவா.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!